ஒன்பது பேர் வகுப்பும் அறுபது பேர் வகுப்பும்

பொங்கல் முடிந்ததிலிருந்து எழுத நினைத்துக்கொண்டிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். கணக்கு வரும். கணக்கென்றால் ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், ஓடாதீர்கள். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் ஒன்றும் இல்லை. இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. இருபது வருஷமாக அது தவறு என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

1976–78இல் ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது உளவியல் தாளில் சோசியோகிராம் என்று ஒரு பாடம் வரும். ஜேக்கப் மொரீனோ என்பவர் அமெரிக்காவில் செய்தது. 1934இல் அவருடைய புத்தகம் வந்தது. பிள்ளைகளிடம் "யார் பக்கத்தில் உட்கார ஆசை?" என்று கேட்டு, பெயருக்கு ஒரு வட்டம், விருப்பத்துக்கு ஒரு கோடு போட்டால், வகுப்பு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். எங்கள் பயிற்சியில் பரீட்சைக்குப் படித்து மறந்த பாடங்கள்தான் அதிகம். இது மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. மேப் வரைகிற மாதிரி இருந்ததால் இருக்கலாம்.

1982இல் வேலை கிடைத்து, குற்றாலத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போனேன். 1988–89இல் ஐந்தாம் வகுப்பில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, பிடித்த மூன்று பேர் பெயரை எழுதச் சொன்னேன். இரண்டு பேரில் ஒருவர் எழுதியிருந்தாலும் அவர்களுக்கு நடுவில் ஒரு கோடு. அம்புக்குறி போடவில்லை. நோட்டு அசிங்கமாகிவிடும் என்று அப்போது நினைத்தேன். இந்த அம்புக்குறி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கணக்குப் பைத்தியம் ஆயிற்றே. ஒரு பிள்ளைக்கு நாலு நண்பர்கள் என்றால், அந்த நாலு பேருக்குள் ஆறு ஜோடி. அந்த ஆறில் எத்தனை ஜோடி தங்களுக்குள்ளும் நண்பர்கள்? நண்பனுக்கு நண்பன் எனக்கும் நண்பனா என்பதுதான் கேள்வி. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து 72 ஜோடி வந்தது. அதில் 45 ஜோடி தங்களுக்குள்ளும் நண்பர்கள். 100க்கு 62.5. "கூட்டு எண்" என்று நானே பெயர் வைத்து நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். பள்ளிப் பார்வைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து, 2003இல் டவுன் நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஆறாம் வகுப்பு பி பிரிவில் 60 பேர். நான் அவர்களுக்குக் கணக்குப் பாடம் மட்டும்தான். வகுப்பாசிரியை வேறொருவர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். அந்த வகுப்பிலும் அதே துண்டுத்தாள், அதே மூன்று பெயர், அதே கணக்கு. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். 480 ஜோடி, அதில் நண்பர்கள் 162. 100க்கு 34 கூடத் தேறவில்லை.

62.5 எங்கே, 34 எங்கே! ஏறக்குறையப் பாதி.

2004 தொடக்கத்தில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் செயல் ஆராய்ச்சி என்று ஆளுக்கொரு கட்டுரை வாசிக்கச் சொன்னார்கள். நான் இதை வாசித்தேன். சின்னப் பள்ளியில் பிள்ளைகள் குடும்பமாக இருக்கிறார்கள், பெரிய வகுப்பில் உதிரி உதிரியாக இருக்கிறார்கள், வகுப்பாசிரியர் கவனம் எடுத்தால் இதைச் சரிசெய்யலாம் என்று முடித்தேன். கைதட்டல். அந்த வகுப்பாசிரியை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் தலைமையாசிரியர் அறைக்கு அவரைக் கூப்பிட்டு, "உங்க கிளாஸ்ல ஒத்துமை இல்லையாமே" என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்தானே சொன்னது, நானா சொன்னேன் என்று ஒரு எண்ணம்.

இனி இந்தப் பொங்கலுக்கு வருகிறேன்.

அந்த அறுபது பேரில் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் டீச்சர் என்றதால் போடவில்லை. அவனுடைய ஆராய்ச்சிப் படிப்பே இந்த நெட்வொர்க் சமாச்சாரம்தானாம். பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்துக் காட்டினேன். துண்டுத்தாள்களைக்கூட நூல் கோத்து வைத்திருந்தேன். அவன் எழுதிய தாளைத் தேடி எடுத்துப் பார்த்துச் சிரித்தான். எழுதிய மூன்று பேரில் ஒருவனோடு கல்லூரியில் சண்டை போட்டு, இன்றுவரை பேச்சில்லையாம்.

நான் எண்ணிய எண்ணுக்குப் பெயர் கிளஸ்டரிங் என்றான். 1998இல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்று இரண்டு பேர் நேச்சர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமெல்லாம் இந்தக் கணக்கைப் போடுகிறார்களாம். "நீங்க அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே போட்டிருக்கீங்க டீச்சர்" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. காபி கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? பிள்ளைங்க பிடிச்ச பேரை எழுதாம, கண்ணை மூடிக்கிட்டு குலுக்கல்ல மூணு பேரை எடுத்திருந்தா இந்த நம்பர் என்ன வந்திருக்கும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பதில் இல்லை. நாற்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு மாணவன் கேட்டு வாயடைத்துப் போனது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பாருங்கள். ஒன்பது பேரில் உன்னைத் தவிர எட்டு பேர். எட்டில் மூன்று பேரை எழுதியே ஆக வேண்டும். உன்னை வேறு சிலர் எழுதுவார்கள். பாதி வகுப்போடு கோடு விழுந்துவிடும். உன் நண்பர்களுக்கும் பாதி வகுப்போடு கோடு. அவர்களுக்குள் கோடு விழாமல் எங்கே போகும்? சின்ன வீட்டில் ஆளுக்கு ஆள் இடித்துக்கொள்கிற மாதிரி. அதற்குப் பெயர் பாசம் இல்லை, இடம் இல்லை, அவ்வளவுதான். அறுபது பேரில் மூன்று பேரை எழுதுவது வேறு. அங்கே என் நண்பர்கள் இருவர் தங்களுக்குள்ளும் நண்பர்களாக இருந்தால், அது தற்செயலாக வந்திருப்பது கஷ்டம்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா அடிக்கடி போடுவாரே, "ஊரில் எல்லாரும் ஒண்ணுக்குள் ஒண்ணு, சென்னையில் யாருக்கும் யாரையும் தெரியாது" என்று. அதிலும் பாதி இந்தக் கணக்குத்தான், பெரியப்பா கோபிக்க வேண்டாம்.

அவன் ஊருக்குப் போன பிறகு பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். ஒன்பது பெயரை எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட்டோம். ஒவ்வொரு பெயருக்கும் குலுக்கி மூன்று சீட்டு, தன் பெயரே வந்தால் திருப்பிப் போட்டு வேறு எடுக்க வேண்டும். கோடு போட்டு எண்ணினோம். ஐந்து முறை. 52, 61, 58, 55, 60. சராசரி 57 சொச்சம். நான் "குடும்பம்" என்று கொண்டாடிய எண் 62.5. டப்பாவே 61 கொடுத்துவிட்டது!

அறுபது பேருக்கு டப்பா குலுக்க எனக்குத் தெம்பில்லை. அவனே கம்ப்யூட்டரில் ஆயிரம் முறை குலுக்கி அனுப்பினான். சராசரி 8. அந்தப் பிள்ளைகள் உண்மையில் எழுதியது 34. குலுக்கலைப் போல நாலு மடங்குக்கு மேல். அதாவது உதிரி உதிரியாகக் கிடக்கிறார்கள் என்று நான் மேடை ஏறிச் சொன்ன வகுப்பில்தான் பிள்ளைகள் தாங்களாகத் தேடிப்போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் நாலு மடங்கு, ஐந்து மடங்கு என்று வகுத்து ஒப்பிட்டால் போதுமா என்று போனில் கேட்டேன். அதுவும் ஏமாற்றும் டீச்சர் என்றான். சின்ன வகுப்பில் குலுக்கலே 57. எல்லாரும் எல்லாருக்கும் நண்பர் என்றாலும் 100க்கு மேல் போக முடியாது. ஆக, இரண்டு மடங்கைத் தொடவே வழியில்லை. பெரிய வகுப்புக்கு அந்த முட்டுக்கட்டை கிடையாது. நெட்வொர்க் பெரிதாகப் பெரிதாகக் குலுக்கல் எண் சுருங்கிக்கொண்டே போகும், மடங்கு தானாக ஏறிக்கொண்டே போகும். முதலில் பார்த்த எண் சின்னதற்குச் சாதகம், இந்த மடங்கு பெரியதற்குச் சாதகம். தராசின் தட்டை மாற்றிப் போட்ட மாதிரிதான்.

அந்த 1998 கட்டுரையில் மூன்று நெட்வொர்க் இருக்கிறதாம். ஒரு சின்னப் புழுவின் மூளை நரம்புகள், 282 செல், எண் 0.28. அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்கட்டமைப்பு, 4,941 இடம், எண் 0.08. சினிமா நடிகர்கள் 2,25,226 பேர், எண் 0.79. நான் சொன்ன மாதிரி வரிசைப்படுத்தினால் மின்சாரக் கம்பிதான் கடைசி. ஆனால் மின்கட்டமைப்புக்குக் குலுக்கல் எண் 0.005, புழுவுக்கு 0.05. மடங்கில் பார்த்தால் மின்சாரம் பதினாறு, புழு ஐந்தரை. கடைசி பெஞ்ச் முன்னால் வந்துவிட்டது. நடிகர்கள் கணக்கில் இன்னொரு வேடிக்கை. ஒரு படத்தில் முப்பது பேர் நடித்தால் முப்பது பேருக்கும் ஒருவரோடொருவர் கோடு. கல்யாண குரூப் போட்டோவில் நின்றவர்கள் எல்லாரும் நண்பர்கள் என்கிற மாதிரி. எண் ஏறாமல் என்ன செய்யும்?

நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிற இந்த முகநூலையே 2011இல் எண்ணியிருக்கிறார்கள். 72 கோடியே 10 லட்சம் பேர். நூறு நண்பர் உள்ளவர்களுக்கு அந்த எண் சராசரியாக 0.14, அதாவது 100க்கு 14. என் ஒன்பது பேர் வகுப்பின் 62.5க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் சராசரி ஆளுக்கு 190 நண்பர்தான். குலுக்கல் போட்டிருந்தால் ஒரு கோடி ஜோடியில் இரண்டோ மூன்றோதான் நண்பர்களாக வந்திருக்கும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பெரியது எது, சிறியது எது என்று கேட்டால் அது கேள்வியே இல்லை.

அவன் ஒரு வழி சொன்னான். குலுக்கலை வீட்டு வாசல் என்று வை, 100ஐ மொட்டைமாடி என்று வை, வாசலிலிருந்து மாடிக்கு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறார்கள் என்று பார். ஒன்பது பேர் வகுப்பு 57இலிருந்து 62.5க்கு. ஏற வேண்டியது 43, ஏறியது ஐந்தரை. 100க்கு 13. அறுபது பேர் வகுப்பு 8இலிருந்து 34க்கு. ஏற வேண்டியது 92, ஏறியது 26. 100க்கு 28. "இதுவும் முடிவான அளவுகோல்னு நினைக்காதீங்க டீச்சர். ஒன்பது பேர்ல ஒரு பிள்ளை மாத்தி எழுதினாலே எல்லாம் ஆடிடும்" என்றான். அதுவும் சரிதான். ஒன்பது பேர் சராசரியில் ஒரு பிள்ளையின் பங்கு 11 மார்க், அறுபது பேரில் இரண்டு மார்க்கூட இல்லை.

சரி, பெரிய வகுப்பு ஒற்றுமையாக இருந்தது என்று இப்போது மாற்றி எழுதிவிடலாமா? அவசரப்பட்டேன். படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அறுபது பேரும் நாலு நாலு பேராகப் பதினைந்து கும்பலாகப் பிரிந்து, கும்பலுக்கு வெளியே யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாலும் இந்த எண் 100 காட்டும். இது ஒற்றுமையின் எண் இல்லை, கும்பலின் எண். படத்தில் முடிச்சு முடிச்சாக இருந்த இடங்களில் பெயர்களைப் படித்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரே தெரு. தெரு என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு முடிச்சு மட்டும் அப்படி இல்லை. ஐந்து பேர், மூன்று தெரு. யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவனிடம் போனில் பெயர்களைச் சொன்னதும், "அது தோட்டக் குழு டீச்சர். மிஸ் தான் எங்க அஞ்சு பேரையும் பிடிச்சுப் போட்டாங்க. கத்திரிச் செடிக்கு மத்தியானம் தண்ணி ஊத்துவோம்" என்றான். வகுப்பாசிரியை கவனம் எடுத்தால் சரிசெய்யலாம் என்று நான் வாசித்த அதே நாளில், அந்த அம்மா தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். என் நோட்டிலேயே அது இருந்திருக்கிறது.

அவருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். குலுக்கல், டப்பா எல்லாம் விளக்கி, நான் வாசித்தது தப்பு, உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் டீச்சர் என்றேன்.

"அதையெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க அக்கா?" என்றார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அன்னைக்கு ஹெச்.எம். ரூம்லேர்ந்து வந்து, பாத்ரூம்ல நின்னு அழுதேன். அப்புறம் ஏழாவது பீரியடு போய் பாடம் எடுத்தேன்." பிறகு என் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

டப்பா குலுக்கும்போது மூன்றாவது முறையோ நாலாவது முறையோ பேத்தி ஒன்று சொன்னாள். "ஆச்சி, இந்தப் பேரு ஒரு தடவைகூட வரவே இல்ல, பாவம்." குலுக்கல் என்றால் அப்படித்தான், எப்போதாவது ஒரு பெயர் விட்டுப்போகும் என்றேன். "நிஜமா எழுதினப்போ எல்லார் பேரும் வந்துச்சா?" என்று கேட்டாள்.

1988இன் ஒன்பது தாளையும் நூலைப் பிரித்துத் தரையில் பரப்பினோம். எட்டு பெயர்தான் வந்தது. ஒரு பெண்ணின் பெயரை ஒருவரும் எழுதவில்லை.

அவள் மூன்று பேரை எழுதியிருந்தாள், குண்டு குண்டான கையெழுத்தில். வகுப்பில் எப்போதும் சேர்ந்தே திரியும் மூன்று பெண்கள். அவள் எழுதியதால் நான் மூன்று கோடு போட்டேன். அந்த மூன்று பேரும் தங்களுக்குள் நண்பர்கள். ஆகவே அவளுக்கு மூன்று ஜோடிக்கு மூன்று ஜோடி. 100க்கு 100. ஒன்பது பேரில் முழு எண் வாங்கியது அவள் ஒருத்திதான். பக்கத்தில் சிவப்பு மையில் "நன்று" என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில். அம்புக்குறி போட்டிருந்தால் மூன்று அம்பும் வெளியே போவதும், உள்ளே ஒன்றுகூட வராததும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மாசி மாதம் அவள் பள்ளிக்கு வருவது நின்றது. வீட்டுக்குப் போனேன். தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை டீச்சர் என்றார் அவள் அம்மா. இரண்டு முறை போனேன், மூன்றாம் முறை போகவில்லை. காரணம்தான் கிடைத்துவிட்டதே. மற்ற எட்டு பேரில் ஒருவரும் அவளைக் கூப்பிடப் போகவில்லை என்பது எனக்கு அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர்கள் வேறு வேலையாக இருந்திருப்பார்கள் என்று நினைத்திருப்பேன். நம் வகுப்புதான் குடும்பம் ஆயிற்றே.

அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் இங்கே நட்பில் இருக்கிறீர்கள். 88–89இல் ஐந்தாம் வகுப்பு என்றால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கமெண்டில் பெயர் எழுத வேண்டாம். எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள், எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், அல்லது போன் செய்யுங்கள். நம்பர் பழையதுதான், மாற்றவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை தூங்குவேன். இதற்காக என்றால் எழுப்பலாம்.